வகுப்பறையில் ஆமை: நூறாண்டு விவாதமும் கொழும்பின் நிலையும்

வகுப்பறையின் மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் ஒரு சின்ன ஆமை. பிள்ளைகள் முறை வைத்து உணவு போடுகிறார்கள், தண்ணீர் மாற்றுகிறார்கள், வளர்ச்சியைக் கொப்பியில் குறித்து வைக்கிறார்கள். உலகின் பல நாடுகளில் ஆரம்ப வகுப்புகளுக்குப் பழக்கமான ஏற்பாடு இது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற நெருக்கமான பகுதிகளில் தொடர்மாடி வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு முற்றமும் இல்லை, கிணற்றடியும் இல்லை. அவர்கள் ஓர் உயிரை அன்றாடம் அருகிருந்து பார்க்க வேண்டுமானால் அதற்குப் பாடசாலைதான் வழி என்று நினைக்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் உண்டு. அந்த நினைப்பில் நியாயமும் உண்டு.

ஆமை வகுப்பறையில் இருக்கலாமா என்பதற்குக் கல்வியாளர்கள் ஒரு விடை தந்தார்கள், மருத்துவர்கள் இன்னொரு விடை தந்தார்கள். சூழலியலாளர்களும் சட்டமும் மூன்றாவது விடையைத் தர, விலங்கு நலம் பேசுவோர் கேள்வியையே மாற்றிக் கேட்டார்கள். ஒவ்வொரு விடையும் வேறு காலத்தில், வேறு கவலையிலிருந்து பிறந்தது. அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, கொழும்பின் தமிழ்ப் பாடசாலைகளுக்கு அவற்றில் எது எவ்வளவு பொருந்துகிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் நிலைப்பாடு: உயிரோடு பழகிக் கற்றல்

வகுப்பறைக்குள் உயிரினங்களைக் கொண்டுவரும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாலர் கல்விச் சிந்தனையிலிருந்து வருகிறது. ஜெர்மனியில் பிரெடரிக் ஃபுரோபல் பிள்ளைகளின் கல்விக்குத் தோட்டத்தையே அடிப்படையாக வைத்தார். அமெரிக்காவில் 'இயற்கைப் பாடம்' என்ற இயக்கம் எழுந்தது. கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா பொட்ஸ்ஃபோர்ட் கொம்ஸ்டொக் ஆசிரியர்களுக்காக 1911இல் வெளியிட்ட பெரிய கைநூலில் ஆமைக்கும் ஒரு பாடம் உண்டு. புத்தகத்தைப் படித்து அறிவதைவிட உயிரைப் பார்த்து அறிவது மேல் என்பதே அந்த இயக்கத்தின் அடிப்படை.

இலங்கைக்கும் தமிழகத்துக்கும் இந்தச் சிந்தனை வந்த வழிகளில் மரியா மொண்டிசூரியின் வழி முக்கியமானது. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த அவர், உலகப் போர்க் காலத்தில் கொடைக்கானலில் தங்கி, செடிகொடிகளுக்கும் உயிரினங்களுக்கும் நடுவே பிள்ளைகளோடு வேலை செய்தார். அப்போது அவருக்கு உதவியாக இருந்தவர்களில் இலங்கையரான லீனா விக்ரமரத்னவும் ஒருவர். 1944இல் மொண்டிசூரி இலங்கையிலும் பயிற்சி வகுப்பு நடத்தினார். இன்றும் கொழும்பில் முன்பள்ளியைப் பலர் 'மொண்டிசூரி' என்றே அழைக்கிறார்கள். தன்னை நம்பி ஓர் உயிர் காத்திருக்கிறது என்பதை உணரும் பிள்ளை யாரும் ஏவாமலே பொறுப்புக் கற்றுக்கொள்ளும் என்பது அவருடைய வாதம். இலங்கையின் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தோடு 1990களின் இறுதியில் வந்த 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்ற பாடமும், நேரில் கண்டும் செய்தும் கற்பதையே வலியுறுத்துகிறது.

இந்த நிலைப்பாட்டுக்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. ஜப்பானில் கயோகோ இனாகாகி 1990இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் தங்கமீன் வளர்த்த ஐந்து வயதுப் பிள்ளைகள், வளர்க்காத பிள்ளைகளைவிட மீனைப் பற்றி நிறைய அறிந்திருந்தார்கள். அதைவிட முக்கியம், தாங்கள் வளர்த்திராத தவளையைப் பற்றிக் கேட்டபோது மீனிடமிருந்து கற்றதை வைத்து அவர்கள் நியாயமாக ஊகித்தார்கள். அவுஸ்திரேலியாவில் மார்கரீட் ஓஹெயார் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் விளையாட்டுப் பொருட்கள் இருந்தபோது இருந்ததைவிட, கினிப் பன்றிகள் அருகே இருந்தபோது கூடுதலாகப் பேசினார்கள், கூடுதலாகச் சிரித்தார்கள், மற்றவர்களின் முகத்தைக் கூடுதலாகப் பார்த்தார்கள்.

ஆனால் இந்த ஆதாரங்களை ஆமைக்கு அப்படியே நீட்ட முடியாது. ஒன்று மீனைப் பற்றியது; மற்றது மனிதர் கையில் பழகும் பாலூட்டியைப் பற்றியது. ஆமை தூக்கினால் ஓட்டுக்குள் ஒடுங்கும், அல்லது கடிக்கும். அன்பு காட்டினால் அன்பு திரும்பும் என்ற பாடத்தை அதனிடம் எதிர்பார்ப்பது கடினம். இன்னொரு குறைபாடும் உண்டு. இனாகாகியின் பிள்ளைகள் தாங்களே மீனை வளர்த்தவர்கள். 40 பிள்ளைகள் வரை இருக்கக்கூடிய வகுப்பில் ஒரு பிள்ளைக்கு உணவு போடும் முறை தவணைக்கு ஓரிரு தடவைதான் வரும். பொறுப்பின் பெரும்பங்கு ஆசிரியையின் தலையில்தான் விழுகிறது.

இரண்டாம் நிலைப்பாடு: மருத்துவத்தின் எச்சரிக்கை

ஆமைக்கும் பிள்ளைகளின் வயிற்றோட்டத்துக்கும் தொடர்பு இருப்பது அமெரிக்காவில் 1963 அளவில் மருத்துவ இதழ்களில் பேசப்படத் தொடங்கியது. காரணம் சால்மொனெல்லா என்ற பக்டீரியா. ஊர்வனவற்றின் குடலில் அது இயல்பாகவே வாழ்கிறது. ஆமைக்கு அதனால் நோய் ஏதும் தெரிவதில்லை. ஆமையின் கழிவு தண்ணீரில் கலக்கிறது, தண்ணீரிலிருந்து ஓட்டிலும் தொட்டியின் சுவரிலும் ஒட்டுகிறது, அங்கிருந்து பிள்ளையின் விரலுக்கும் வாய்க்கும் போகிறது.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 280,000 பேருக்கு ஆமைகள் வழியாக இந்தத் தொற்று வந்ததாக மதிப்பிடப்பட்டது. அந்த நாட்டின் மொத்த சால்மொனெல்லாத் தொற்றில் அது சுமார் 14 வீதம். அதன் விளைவாக 1975இல், ஓட்டின் நீளம் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதற்கு அங்கே தடை வந்தது. நான்கு அங்குலம் என்ற அளவுக்குக் காரணம் எளிமையானது: அதைவிடச் சிறிய ஆமையைக் குழந்தைகள் வாயில் வைக்கிறார்கள். தடையால் சிறு பிள்ளைகளிடையே ஆண்டுக்கு ஏறத்தாழ 100,000 தொற்றுகள் தவிர்க்கப்பட்டதாகப் பின்னர் ஓர் ஆய்வு கணித்தது. உயிரினம் ஒன்றின் விற்பனையைக் கட்டுப்படுத்தியதால் பொதுச் சுகாதாரத்துக்கு இவ்வளவு தெளிவான பலன் கிடைத்த சந்தர்ப்பங்கள் அரிது. கல்வி, ஆய்வு, காட்சி ஆகிய நோக்கங்களுக்கு அந்தச் சட்டம் விலக்கு அளித்தது. ஆகவே வகுப்பறை ஆமை என்ற கேள்வி அங்கேயும் தீராமல் நின்றது.

'நோயில்லாத ஆமையை வாங்கிக்கொண்டால் என்ன?' என்று கேட்கத் தோன்றும். ஆமை பக்டீரியாவை எப்போதும் வெளியேற்றிக்கொண்டிருப்பதில்லை. விட்டு விட்டுத்தான் வெளியேற்றுகிறது. இன்று பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால், நாளைக்கும் இராது என்று அர்த்தமில்லை. இடமாற்றம், நெரிசல், பசி போன்ற அழுத்தங்கள் வந்தால் வெளியேற்றம் கூடும். பண்ணைகளில் முட்டைகளை நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தில் முக்கிச் சுத்தம் செய்து பார்த்தார்கள். மருந்துக்கு அடங்காத பக்டீரியா வகைகள் உருவானதே மிச்சம்.

அதனால் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருக்கும் இடங்களில் ஊர்வன எதுவும் வேண்டாம் என்று ஆலோசனை சொல்கிறது. கொழும்பில் முன்பள்ளிக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். அந்த வயதைப் பொறுத்தவரை மருத்துவத்தின் விடையில் ஐயத்துக்கு இடமில்லை.

வயது கூடிய பிள்ளைகளுக்கு இதே வாதம் அவ்வளவு இறுக்கமாக நிற்பதில்லை. சவர்க்காரம் போட்டுக் கை கழுவினால், தொட்டித் தண்ணீரைச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவும் இடத்தில் ஊற்றாமல் இருந்தால், வகுப்பில் ஆமை இருக்கும் மேசைக்கு அருகே சாப்பிடாமல் இருந்தால், அபாயம் வெகுவாகக் குறையும். மருத்துவ நிலைப்பாட்டின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. அது அபாயத்தைச் சரியாக அளக்கிறது. ஆனால் குறைந்த அபாயத்தை எந்தப் பயனுக்காக ஏற்கலாம் என்பதை அதனால் தீர்மானிக்க முடியாது. ஆனாலும் இடைவேளையில் ஒரு வகுப்பே வரிசையில் நிற்கும் குழாயடிகளில், ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகக் கை கழுவும் என்று நம்புவதும் எளிதல்ல.

கொழும்புக்கு இன்னொரு சுகாதாரக் கவலையும் உண்டு. டெங்கு பரவும் மாதங்களில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் பாடசாலை வளவுகளில் தேங்கிய தண்ணீரைத் தேடுகிறார்கள். ஆமை நீந்தும் தொட்டியில் நுளம்பு பெருகும் வாய்ப்புக் குறைவு. தவணை விடுமுறையில் கவனிப்பாரற்று நிற்கும் தொட்டிக்கும், அதற்காகப் பிடித்து வைத்த வாளித் தண்ணீருக்கும் அப்படிச் சொல்ல முடியாது.

மூன்றாம் நிலைப்பாடு: சட்டமும் நீர்நிலைகளும்

எந்த ஆமை என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் இலங்கையில் இந்த விவாதத்தை நடத்த முடியாது. கடலாமைகளை விட்டால், இத்தீவுக்கு உரியவை மூன்று: மென்மையான தட்டை ஓடு கொண்ட பால் ஆமை, குளங்களிலும் கிணறுகளிலும் காணப்படும் கறுப்பு ஆமை, வரண்ட வலயத்துத் தரையில் வாழும் நட்சத்திர ஆமை. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதற்கு 1993இலும் 2009இலும் வந்த திருத்தங்களும் சுதேச ஊர்வனவற்றுக்குப் பரந்த பாதுகாப்பு அளிக்கின்றன. அனுமதியின்றி இந்த ஆமைகளைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். நட்சத்திர ஆமை நிறைய கடத்தப்படுவதால், இலங்கை, இந்தியா உள்ளிட்ட நாடுகள் சேர்ந்து முன்மொழிய, 2019இல் அது அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகம் பற்றிய சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் அட்டவணைக்கு உயர்த்தப்பட்டது. வயல் வாய்க்காலில் கண்டெடுத்த ஆமையை மாமாவோ சித்தப்பாவோ ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து தந்தாலும், அதை வகுப்பில் வைத்தால் பாடசாலை சட்டத்துக்கு வெளியே நிற்கிறது.

மிஞ்சுவது, அலங்கார மீன் கடைகளில் விற்கும் வெளிநாட்டு ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள 'ரெட் இயர்ட் ஸ்லைடர்', அதாவது செங்காது ஆமை, மிசிசிப்பி ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. 1989க்கும் 1997க்கும் இடையில் மாத்திரம் அமெரிக்காவிலிருந்து 5 கோடிக்கு மேற்பட்ட செங்காது ஆமைகள் ஏற்றுமதியானதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு. பெண் ஆமை வளர்ந்தால் 25 முதல் 30 சென்ரிமீற்றர் வரை வரும். நன்றாகப் பராமரித்தால் 20 வருடங்களுக்கு மேல் உயிர் வாழும். தரம் 1இல் வாங்கிய குஞ்சு, அந்தப் பிள்ளைகள் உயர்தரம் முடித்து வேலைக்குப் போன பிறகும் உயிரோடு இருக்கலாம்.

வளர்ந்த ஆமையை என்ன செய்வது என்று தெரியாமல் வாய்க்காலிலோ கோயில் குளத்திலோ விடுகிறார்கள். உயிருக்கு விடுதலை கொடுப்பது புண்ணியம் என்ற நல்லெண்ணமும் அதில் கலந்திருக்கிறது. ஆனால் அங்கே அந்த ஆமை சுதேச ஆமைகளோடு வெயில் காயும் இடத்துக்கும் உணவுக்கும் போட்டியிடுகிறது. புதிய நோய்களையும் கொண்டுவரலாம். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் செங்காது ஆமைக்கும் இடம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே அதன் இறக்குமதியை நிறுத்தியது. கேரளத்தில் 2018இல் திருச்சூரின் ஒரு வாய்க்காலில் அது கண்டறியப்பட்டபின், கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் பொதுமக்களிடமிருந்து அவற்றைச் சேகரிக்கும் முயற்சியில் இறங்கியது.

கொழும்புக்கு இது மற்ற நகரங்களைவிட முக்கியமானது. 2018இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 'ஈரநில நகரம்' என்ற அங்கீகாரம் பெற்ற முதல் 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. வெள்ளவத்தையில் கடலைச் சேரும் கால்வாயும், தெஹிவளைக்கு உள்ளே 1990இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பெல்லன்வில–அத்திடிய சதுப்பு நிலமும் தண்ணீரால் இணைந்த ஒரே பரப்பின் பகுதிகள். காலி வீதிக்குப் பக்கத்தில் ஓர் ஆமையை விட்டால் அது அந்தப் பரப்புக்குள் போய்ச் சேர வழி இருக்கிறது.

இந்த நிலைப்பாட்டுக்கும் மறுப்பு உண்டு. ஆக்கிரமிப்புக்குக் காரணம் வளர்ப்பது அல்ல, கைவிடுவதுதான் என்பார்கள் சிலர். சிங்கப்பூரில் செங்காது ஆமையை வளர்க்க அனுமதி உண்டு. வெளியில் விடுவதற்கு எதிராகத்தான் அரசு பிரசாரம் செய்கிறது, தண்டிக்கிறது. அந்த அணுகுமுறை பலிக்க, வேண்டாத ஆமையைப் பொறுப்பேற்க ஓர் இடமும், கண்காணிக்க ஆளும் வேண்டும். அவை இல்லாத ஊரில் 'விடாதே' என்று சொல்வதால் மட்டும் பலன் இருக்குமா என்பது ஐயம்.

நான்காம் நிலைப்பாடு: ஆமையின் பக்கத்திலிருந்து

மேலே சொன்ன மூன்று வாதங்களும் மனிதரையோ சூழலையோ மையமாக வைத்தவை. நான்காவது வாதம் தொட்டிக்குள் இருக்கும் உயிரைப் பற்றியது. ஊர்வனவற்றுக்கு உணர்வு மந்தம், அறிவும் குறைவு என்ற பழைய எண்ணம் கடந்த சில தசாப்தங்களில் நன்றாகவே ஆட்டம் கண்டிருக்கிறது. வாஷிங்டன் மிருகக்காட்சிசாலையில் தனித்து வாழ்ந்த நைல் நதி மெல்லோட்டு ஆமை ஒன்று தன் கழுத்தையும் கால்களையும் தானே காயப்படுத்திக்கொண்டிருந்தது. அதன் தொட்டிக்குள் பந்து, வளையம், குழாய் போன்றவற்றைப் போட்டதும் அது நேரம் போவது தெரியாமல் அவற்றோடு விளையாடியது. தன்னைக் காயப்படுத்துவதும் குறைந்தது. கோர்டன் பேர்க்ஹார்ட் குழுவினர் இதை 1996இல் பதிவு செய்தார்கள். நம் பால் ஆமை அதே மெல்லோட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. 2010இல் அன்னா வில்கின்சன் குழுவினர், செங்கால் தரையாமை இன்னோர் ஆமை செய்வதைப் பார்த்து ஒரு தடையைச் சுற்றிப் போகக் கற்றுக்கொள்வதைக் காட்டினார்கள்.

இப்படிப்பட்ட உயிருக்கு வகுப்பறைத் தொட்டி எதைத் தருகிறது? பலர் கவனியாத ஒரு விஷயம் வெயில். ஆமை ஓட்டின் வளர்ச்சிக்குக் கல்சியம் வேண்டும். கல்சியத்தை உடல் ஏற்க விற்றமின் டி3 வேண்டும். அதை ஆமையின் தோல் உண்டாக்க வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் வேண்டும். அந்தக் கதிரின் தேவையான பகுதியைச் சாதாரண யன்னல் கண்ணாடி தடுத்துவிடுகிறது. யன்னலோரத் தொட்டியில் வெளிச்சம் பளீரென்று விழும். ஆமை வெயில் காய்வதாகவே பிள்ளைகளுக்குத் தோன்றும். ஆனால் அதன் எலும்புக்கு வேண்டியது கிடைப்பதில்லை. மாதக் கணக்கில் ஓடு மென்மையாகி, வளைந்து, ஆமை மெல்ல மெல்ல ஊனமாகிறது. இதைத் தடுக்க அதற்கென்றே செய்த புறஊதா மின்குமிழ் வேண்டும். எரிந்துகொண்டிருந்தாலும் அதன் கதிர் வீச்சு காலப்போக்கில் குறைவதால் அதைக் குறித்த இடைவெளியில் மாற்றவும் வேண்டும்.

கொழும்பில் ஆண்டு முழுவதும் இருக்கும் வெப்பம் ஆமைக்கு ஏற்றது என்பதால், குளிர் நாடுகளில் வேண்டிய வெப்பமூட்டி இங்கே அவ்வளவாகத் தேவைப்படாது. ஆனால் அதே வெப்பத்தில் கழிவும் மிச்ச உணவும் சீக்கிரம் அழுகி அமோனியா கூடுகிறது. வடிகட்டி ஓயாமல் இயங்க வேண்டும். ஓட்டின் ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் ஏறத்தாழ 40 லீற்றர் தண்ணீர் என்பது ஆமை வளர்ப்போர் சொல்லும் பொதுக் கணக்கு. பத்து அங்குல ஆமைக்கு 400 லீற்றர். தண்ணீரின் எடை மட்டும் 400 கிலோ. மாடிக் கட்டடத்தின் வகுப்பறையில் அதை வைப்பது பற்றி யோசிக்கும்போதே இந்த ஏற்பாட்டின் எல்லை தெரிந்துவிடும்.

விடுமுறைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் தவணை விடுமுறைகள் எதிர்பார்க்கக்கூடியவை. 2020 மார்ச்சில் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் திடீரென்று மூடப்பட்டன. திரும்பத் திறப்பதும் மூடுவதுமாக நீண்ட காலம் போயிற்று. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு; அதே வருட நடுப்பகுதியில் எரிபொருள் இல்லாமல் கொழும்புப் பாடசாலைகள் மறுபடியும் மூடப்பட்டன. மின்சாரமும் மனித வருகையும் நின்றால் தாக்குப்பிடிக்க முடியாத ஓர் உயிரைப் பாடசாலை பொறுப்பேற்கலாமா என்ற கேள்வி, இலங்கையில் வெறும் கற்பனைக் கேள்வி அல்ல.

1907ஆம் ஆண்டின் விலங்குகளுக்கு எதிரான கொடுமையைத் தடுக்கும் கட்டளைச் சட்டம், அடைத்து வைக்கப்பட்ட ஊர்வனவற்றையும் உள்ளடக்குகிறது. ஆனால் அதில் உள்ள உச்சத் தண்டப்பணம் நூறு ரூபா. அதற்குப் பதிலாக 2006இல் வரையப்பட்ட விலங்கு நலச் சட்டமூலம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. பிரித்தானியாவின் விலங்குக் கொடுமைத் தடுப்புச் சங்கமான ஆர்.எஸ்.பி.சி.ஏ., பாடசாலைகளில் விலங்கு வளர்ப்பதையே ஊக்குவிப்பதில்லை.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம், அது எல்லா வளர்ப்பையும் ஒரே தராசில் நிறுக்கிறது என்பது. விசாலமான வெளித்தொட்டி, வெயில், நிரந்தரமான பொறுப்பாளர், மருத்துவர் எல்லாம் அமைந்த ஒரு பாடசாலையில் ஆமை நன்றாகவே வாழலாம். அப்படி ஒன்று நடக்கவே முடியாது என்று சொல்ல ஆதாரம் இல்லை.

இடைவழி: இரவல் ஆமை

உடைமையும் தடையும் அல்லாத ஒரு வழியைச் சில நாடுகள் முயன்றிருக்கின்றன. அமெரிக்காவின் மேரிலண்டில், செசபீக் விரிகுடாவின் பொப்லர் தீவில் பொரித்த உவர்நீர் ஆமைக் குஞ்சுகளைப் பாடசாலைகள் ஒரு கல்வியாண்டுக்குப் பொறுப்பேற்கின்றன. மாணவர்கள் எடையும் நீளமும் அளந்து பதிவார்கள். கோடை தொடங்கும்போது அவற்றைப் பிறந்த இடத்திலேயே விடுவார்கள். மசாசுசெட்ஸில் அருகிவரும் பிளாண்டிங் ஆமைக்கும் இதுபோன்ற திட்டம் உண்டு. இங்கே பராமரிப்புக்குத் தொடக்கமும் முடிவும் இருக்கிறது, அனுமதி இருக்கிறது, விஞ்ஞானியின் மேற்பார்வை இருக்கிறது. பிள்ளை அளந்து எழுதும் எண்ணுக்கும் ஒரு பயன் இருக்கிறது.

ஆனால் பாதுகாப்பு உத்தி என்ற வகையில் இதற்கு வலுவான விமர்சனம் உண்டு. நாட் ஃபிரேசர் 1992இல் இதை அரைகுறைத் தொழில்நுட்பம் என்றார்: ஆமைகளைக் கொல்லும் காரணங்களை விட்டுவிட்டுக் குஞ்சுகளை மட்டும் பெருக்குவதால் நோய் தீராது என்பது அவர் வாதம். 1996இல் செலினா ஹெப்பெல் குழுவினர் கணித மாதிரிகள் மூலம், நீண்ட ஆயுள் கொண்ட ஆமைகளில் வளர்ந்தவற்றைக் காப்பாற்றாவிட்டால் குஞ்சு வளர்ப்பால் இனம் மீளாது என்று காட்டினார்கள்.

இலங்கையில் இந்த இடைவழிக்கு நெருக்கமானவை கொஸ்கொட பகுதிக் கடற்கரையின் முட்டை பொரிக்கும் நிலையங்கள். தென்பகுதிச் சுற்றுலா போகும் கொழும்புப் பாடசாலைகள் அங்கே இறங்குவது வழக்கம். பிள்ளைகள் முதன்முதலாக ஆமைக் குஞ்சைக் காண்பது பெரும்பாலும் அங்கேதான். ஆனால் பார்வையாளருக்குக் காட்டுவதற்காகக் குஞ்சுகளைத் தொட்டியில் நாட்கணக்கில் வைத்திருப்பதை ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கண்டித்து வருகிறார்கள். பொரித்த உடனே கரையைத் தாண்டி ஆழ்கடலுக்கு நீந்தவே கருவின் மஞ்சட்கரு அந்தக் குஞ்சுக்குச் சக்தி சேர்த்து வைக்கிறது. அந்தச் சக்தியைத் தொட்டிச் சுவரில் மோதி மோதிச் செலவழித்த குஞ்சு கடலில் பலவீனமாகவே இறங்கும். 1990களில் ரெக்காவ கடற்கரையில் வேறு முயற்சி நடந்தது: முன்பு முட்டை எடுத்தவர்களையே காவலராக்கி, கூடுகளை இருந்த இடத்திலேயே காப்பது.

உடைமையாக்காமல் கற்றல்

தமிழ் உலகத்திலிருந்தே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. சென்னைக் கடற்கரையில் 1970களில் ரொமுலஸ் விட்டேக்கர் போன்றோர் தொடங்கிய இரவு நடையை, 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு முன்னெடுத்து வருகிறது. முட்டையிடும் பருவத்தில் இளைஞர்கள் இரவிரவாக நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து, பங்குனி ஆமையின் தடத்தைத் தேடி, ஆபத்தான இடத்தில் உள்ள முட்டைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுகிறார்கள். பொதுமக்களும் பிள்ளைகளும் குறிப்பிட்ட இரவுகளில் கூட நடக்கலாம். எந்த ஆமையும் யாருக்கும் சொந்தமில்லை. ஆனாலும் நடந்தவர்களுக்கு அக்கறை பிறக்கிறது.

கொழும்பில் இதற்குச் சமமான களம் ஈரநிலங்கள்தான். கோட்டேயின் பெத்தகான, தலவத்துகொடவின் தியசரு போன்ற பூங்காக்களில் மரப்பலகை நடைபாதையில் நின்று, கறுப்பு ஆமை மரக்கட்டையில் ஏறி வெயில் காய்வதைப் பார்க்க வாய்ப்புண்டு. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றி, பின் மூழ்கியபோது, மேற்குக் கரையெங்கும் பிளாஸ்டிக் மணிகளும் இறந்த கடலாமைகளும் ஒதுங்கின. ஆமை எதனால் அழிகிறது என்பதைத் தொட்டியில் உள்ள ஆமையைவிட அந்தக் கரை நேராகவே கற்பித்தது.

இவ்வழியின் குறைகளையும் மறைக்கக் கூடாது. பேருந்து, பெற்றோரின் சம்மதக் கடிதம், கல்வி வலயத்தின் அனுமதி எல்லாம் சேர்ந்தால் வருடத்துக்கு ஒரு பயணம் போவதே பெரிது. ஒரு நாள் பார்ப்பதால், அன்றாடம் பார்த்துக்கொள்வதில் கிடைக்கும் பொறுப்புணர்வு வராது. வளர்ப்பதை மறுப்போர் இந்த வெற்றிடத்துக்கு இன்னும் முழு விடை தரவில்லை.

ஏற்கெனவே ஆமை இருக்கும் வகுப்புகள்

கொள்கை விவாதம் முடியும்வரை, இப்போது தொட்டியில் இருக்கும் ஆமை காத்திருக்க முடியாது. எல்லா நிலைப்பாடுகளும் ஒத்துப்போகும் சில விஷயங்கள் உண்டு. எக்காரணம் கொண்டும் அதைக் கால்வாயிலோ குளத்திலோ விடக் கூடாது. சுதேச ஆமையாக இருந்தால், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் தெரிவித்து ஒப்படைப்பதே முறை. வெளிநாட்டு ஆமையாக இருந்தால், புறஊதா மின்குமிழ், வடிகட்டி, ஏறி உலர ஒரு மேடு, விடுமுறைக்கு எழுத்தில் பெயர் குறித்த பொறுப்பாளர் ஆகியவை வேண்டும். வெறும் சோறும் பாணும் அதன் உணவல்ல; குஞ்சுப் பருவத்தில் புழு, மீன் போன்றவையும், வளர வளரக் கீரையும் நீர்த் தாவரங்களும் வேண்டும். பிள்ளைகள் பார்க்கட்டும், அளக்கட்டும், எழுதட்டும். தூக்கி முத்தமிட வேண்டாம். இன்னோர் ஆமை வாங்கக் கூடாது.

மதிப்பீடு

நான்கு நிலைப்பாடுகளையும் சேர்த்துப் பார்த்தால், கொழும்பின் நிலையில் ஒரு முடிவை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். முன்பள்ளியில் ஆமை கூடாது. சுதேச ஆமையை அனுமதியின்றி எந்த வகுப்பிலும் வைக்கக் கூடாது. வயது கூடிய மாணவர்களின் வகுப்பில் வெளிநாட்டு ஆமையைப் புதிதாக வாங்குவதற்கு எதிரான நியாயங்கள், ஆதரவான நியாயங்களைவிடக் கனமானவை. இங்கே தீர்மானிக்கும் நியாயம் நோய் அல்ல, அதைக் கட்டுப்படுத்தலாம். ஆமையின் ஆயுளும் பாடசாலையின் ஒழுங்கும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதே தீர்மானிக்கும் நியாயம். வருடாவருடம் ஆசிரியர் மாறும், மாணவர் மாறும், சில வருடங்களில் கதவே மூடப்படும் ஒரு நிறுவனம், 20 வருடப் பொறுப்பை யாருடைய பெயரிலும் இல்லாமல் ஏற்கிறது. பொறுப்பைக் கற்பிக்க வந்த ஏற்பாடு, பொறுப்பை யார் தலையிலும் நிற்காமல் நழுவவிடும் ஏற்பாடாக முடிவதுதான் இதில் உள்ள பெரிய இடர்.

தீராமல் நிற்கும் கேள்விகள் மூன்று. முதலாவது, பிள்ளைகளின் கற்றல் பற்றிய ஆதாரம் பெரும்பாலும் மீனையும் சிறு பாலூட்டிகளையும் சார்ந்தது. தொடுவதற்கு இணங்காத ஓர் உயிரைக் கவனிப்பதால் வேறு வகைப் பயன் கிடைக்குமா என்பதைத் தனியாக ஆராய வேண்டும். இரண்டாவது, திணைக்களத்தின் அனுமதியோடும் மேற்பார்வையோடும், மீட்கப்பட்ட சுதேச ஆமைகளைப் பாடசாலைகள் குறுகிய காலம் பராமரிக்கும் மேரிலண்ட் வகைத் திட்டம் இலங்கைச் சட்டத்துக்குள் அமையுமா, அமைந்தாலும் ஆமைக்கு நன்மை செய்யுமா என்பது. மூன்றாவது, வேண்டாத செங்காது ஆமைகளைப் பொறுப்பேற்கும் நிலையம் ஒன்று இல்லாமல் விற்பனையை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பது.

இந்தக் கேள்விகளுக்கு விடை வரும்வரை, உயிரைப் பராமரிக்கும் அனுபவம் நகரத்துப் பிள்ளைகளுக்கு வேண்டும் என்ற முதல் நிலைப்பாட்டின் அடிப்படையை யாரும் கைவிட வேண்டியதில்லை. பாடசாலை வளவில் ஒரு சிறு தோட்டம், ஒரு தவணைக்குள் முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சியாகும் புழு, சின்னச் சுதேச மீன்கள் உள்ள ஒரு தொட்டி ஆகியவை அந்தத் தேவையின் பெரும்பகுதியை நிறைவேற்றும். அவற்றின் வாழ்க்கை பாடசாலை ஆண்டோடு ஓரளவு பொருந்தியும் போகும். ஆமையைப் பற்றிக் கற்பதற்கு ஈரநிலமும் கடற்கரையும் இருக்கின்றன. அங்கே பிள்ளைகளைத் தவணைக்கு ஒரு தடவையாவது அழைத்துப்போக வலயக் கல்வி அலுவலகங்களும் பாடசாலைகளும் வழி செய்தால், வகுப்பறை ஆமைக்கு ஆதரவாக மிஞ்சும் வலுவான வாதமும் தானாகவே குறையும்.